மலையைப் பாடமாக்கிய ஒரு படம்

மூன்றாம் வகுப்பு படிக்கும் என் தம்பியிடம், "ஒரு மலை வரைடா" என்றேன். இரண்டு முக்கோணம், நடுவே சூரியன், கீழே ஒரு ஆறு. இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டான். நானும் சின்ன வயதில் இதைத்தான் வரைந்தேன். நீங்களும் இதைத்தான் வரைந்திருப்பீர்கள்!

அந்த முக்கோணத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை 200 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் வரைந்து காட்டியிருக்கிறார். அவர் ஜெர்மனியைச் சேர்ந்த அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட் (1769–1859).

தென் அமெரிக்காவில், ஈக்வடார் நாட்டில் சிம்போராசோ என்ற எரிமலை இருக்கிறது. உயரம் 6,263 மீட்டர். உலகிலேயே உயரமான மலை இதுதான் என்று அன்றைய ஐரோப்பியர்கள் நினைத்திருந்தார்கள். 1802 ஜூன் 23 அன்று ஹம்போல்ட் தன் நண்பர்களுடன் அதில் ஏறினார். மூச்சு முட்டியது. ஈறுகளில் ரத்தம் கசிந்தது. அப்போதும் காற்றழுத்தமானியை வைத்து உயரத்தை அளந்தார். உச்சிக்கு முன்னால் பெரிய பள்ளம் ஒன்று குறுக்கிட, எல்லோரும் திரும்பிவிட்டார்கள்.

உச்சியைத் தொடாத அந்தப் பயணத்திலிருந்துதான் 1807-ல் பாரிஸில் ஒரு படம் வெளியானது. மலையைக் குறுக்காக வெட்டி வைத்தது போன்ற படம். எந்த உயரத்தில் எந்தச் செடி வளர்கிறதோ, அந்த இடத்திலேயே அதன் பெயரை எழுதியிருந்தார். அடிவாரத்தில் பனை, வாழை இனங்கள். மேலே புல்வெளி. அதற்கும் மேலே கற்பாசி. கடைசியில் வெறும் பனி. இரண்டு ஓரங்களிலும் வெப்பநிலை, காற்றழுத்தம், தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை, ஏன், வானத்தின் நீலம் எவ்வளவு அடர்த்தி என்பது கூட இருந்தது!

பாடநூல்களில் மலையைப் பட்டை பட்டையாகப் பிரித்துக் காட்டும் படங்களுக்கு இதுவே முன்னோடி.

கதை இங்கே முடியவில்லை. 2012-ல் ஆய்வாளர்கள் அதே மலையில் ஏறிப் பார்த்தார்கள். புவி வெப்பமாவதால் செடிகள் 500 மீட்டருக்கும் மேல் உயரே நகர்ந்துவிட்டன என்று 2015-ல் எழுதினார்கள். 2019-ல் வேறொரு குழு பழைய ஆவணங்களைப் புரட்டியது. படத்தில் உள்ள உயரமான பகுதித் தகவல்களில் பெரும்பாலானவை சிம்போராசோவில் எடுத்தவை அல்ல, அன்டிசானா என்ற இன்னொரு மலையில் எடுத்தவை என்று தெரிந்தது. திருத்திக் கணக்கிட்டால் நகர்வு சுமார் 215 முதல் 266 மீட்டர் வரைதான். அளவு குறைந்தது. ஆனால் செடிகள் மேலே ஏறியது உண்மை.

மலையைப் பற்றிக் குழந்தைகளுக்குச் சொல்லித் தரும்போது நாம் விட்டுவிடுவது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பட்டைகளின் பெயரை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். எந்த மலையில், எந்த ஆண்டில் அளந்தது என்று கேட்கப் பழக்குவதில்லை. பாடப் படம் அப்படியே இருக்கும், மலை அப்படியே இருக்காது.

தம்பியின் படத்தை நான் அழிக்கச் சொல்லவில்லை. முக்கோணத்துக்குள் மூன்று கோடு போடச் சொல்லி, "உச்சியில் ஏன் மரமே இல்லை?" என்று கேட்டேன். "அங்க குளிரும்ல!" என்றான்.

கோடுகளை மட்டும் பென்சிலில் போடச் சொன்னேன். அவை நகரும் கோடுகள்.