கமான் பட்டையின் ஆடும் முனை

ஜீப்பிலும் லாரியிலும் கமான் பட்டையை (லீஃப் ஸ்பிரிங்) வண்டியின் சேசிஸோடு கோக்கும் சிறிய இரும்பு இணைப்புதான் ஷேக்கிள். பட்டையின் ஒரு முனை பிராக்கெட்டில் பின் போட்டு நிலையாக மாட்டப்படும். பாரம் ஏறி வளைவு தட்டையாகும்போது பட்டை சற்றே நீளும். அந்த நீளத்துக்கு இடம் வேண்டும் என்பதால் மறுமுனை இரண்டு தகடுகளுக்கு நடுவே ஊஞ்சல்போலத் தொங்கி ஆடுகிறது.

1804-ல் லண்டனைச் சேர்ந்த ஒபதையா எலியட் வண்டிகளுக்கான நீள்வட்டப் பட்டை வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். மேலொன்றும் கீழொன்றுமாக வைத்த இரண்டு விற்களும் சேர்ந்தே நீளும், சேர்ந்தே சுருங்கும். ஆகவே அதற்கு ஷேக்கிள் தேவைப்படவில்லை. தமிழ்நாட்டில் வசதியுள்ள வீடுகளின் வாசலில் நின்ற வில் வண்டியும் பட்டை வில்லின் மேல்தான் ஓடியது. கீழ் வில்லை மட்டும் வைத்துக்கொண்டு அதன் இரு முனைகளையும் நேராகச் சேசிஸில் மாட்டத் தொடங்கிய பிறகு, ஒரு முனை ஆடியே தீரவேண்டும் என்றானது.

1941 முதல் அமெரிக்கப் படைக்கு வந்த வில்லிஸ் ஜீப்பின் ஷேக்கிள் இன்றுள்ளது போன்ற இரட்டைத் தகடு அல்ல. அடித்து உருவாக்கிய யூ வடிவக் கம்பி. அதன் இரு முனைகளிலும் மரை. மரையுள்ள புஷ்ஷுக்குள் அது திருகி உட்காரும். வலமரை, இடமரை என்று இரு வகையும் ஒரே வண்டியில் இருந்தன. மாற்றி வாங்கியவர் பாடு திண்டாட்டம்தான். கிரீஸ் போகும்வரை இந்த ஏற்பாடு நன்றாக உழைத்தது. சேறும் மணலும் புகுந்தால் மரை தேய்ந்து வண்டி கடகடக்கும். நாடு விடுதலை பெற்றபின் மகிந்திரா பம்பாயில் ஜீப்பைக் கோத்து விற்றது. பின்வந்த மாதிரிகளில் யூ கம்பியின் இடத்தை இரு தகடுகளும் ரப்பர் புஷ்ஷும் பிடித்தன. ரப்பருக்குக் கிரீஸ் வேண்டாம். ஆனால் அது கிழிந்ததும் போல்ட் நேரடியாகத் தகட்டின் துளையை அறுக்கும்.

1948-ல் சென்னையில் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955-ல் அசோக் லேலண்ட் ஆன நிறுவனம், 1980-ல் ஓசூரில் ஆலை திறந்தது. 1971-ல் உருவான மாநில அரசு நிறுவனமான சிப்காட்டின் தொழிற்பேட்டை அங்கே இருந்தது. பெங்களூரும் கூப்பிடு தூரம். இந்நிறுவனத்தின் ஸ்டாலியன் ராணுவ லாரி முன்னும் பின்னும் கமான் பட்டையில்தான் நிற்கிறது. பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் கொடுக்கும் சிறு தொழிற்கூடங்கள் பெருகியதால் இஎன் 8, இஎன் 45 என்ற எஃகு வகைகள் லேத் பட்டறைகளிலும் புழங்கும் பெயர்கள் ஆயின.

ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஷேக்கிளுக்கு ஓய்வே கிடையாது. கருங்கல் ஏற்றும் டிப்பர், மாங்காய் ஏற்றும் பிக்கப், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்து மலைப்பாதைகளில் ஏறும் ஜீப் எல்லாம் கமான் பட்டையை நம்பியவை. மாற்று ஷேக்கிள் வேண்டும்போது பழைய கமான் பட்டையையே கேஸில் வெட்டித் துளை போட்டுக்கொள்ளும் யோசனை பலருக்கும் வரும். உறுதியான எஃகுதானே என்று தோன்றும். ஆனால் கமான் பட்டைகளில் பயன்படும், கரி அதிகமுள்ள இஎன் 45 தீயில் வெட்டப்பட்ட விளிம்பில் கண்ணாடிபோல் உடையும் தன்மை அடைகிறது. விரிசல் அங்கிருந்து ஓடும். வெல்டிங் வைத்தாலும் அதே கதி. வளைந்து எச்சரிக்கும் மிதமான எஃகுத் தகடே இந்த வேலைக்கு ஏற்றது. கனம் கொஞ்சம் கூட இருக்கலாம்.

தகட்டின் கனத்தைப் பார்ப்பவர்கள் போல்ட்டைப் பார்ப்பதில்லை. 8.8 அல்லது 10.9 தரமுள்ள போல்ட்டில், புஷ்ஷுக்குள் இருக்கும் பகுதி முழுவதும் மரையில்லாத் தண்டாக இருக்கவேண்டும். மரை அங்கே வந்தால் அரம்போல் புஷ்ஷை அராவிவிடும். இரு தகடுகளையும் நடுவில் குறுக்குக் குழாயால் பிணைத்தால் பக்கவாட்டு முறுக்கம் குறையும். பாலியூரிதேன் புஷ் ரப்பரைவிட நீடித்து உழைக்கும். அதிர்வை அவ்வளவாக விழுங்காது. இவை எல்லாமே வலுவாக இருந்து சேசிஸில் உள்ள பிராக்கெட் துருப்பிடித்திருந்தால், அடுத்து முறிவது அந்தப் பிராக்கெட்தான்.

1985-ல் வந்த மாருதி ஜிப்சி நான்கு சக்கரங்களுக்கும் கமான் பட்டை வைத்த இலகு வண்டி. அதை உயர்த்த நீண்ட ஷேக்கிள் போடும் பழக்கம் பரவியது. ஷேக்கிள் 50 மி.மீ. நீண்டால் வண்டி உயர்வது ஏறக்குறைய 25 மி.மீ. மட்டுமே. அதற்குக் கொடுக்கும் விலை அதிகம்: அச்சு சாய்கிறது, ஸ்டியரிங்கின் போக்கு மாறுகிறது, புரொப்பெல்லர் ஷாஃப்ட் மூட்டின் கோணம் கெடுகிறது. தயாரிப்பாளர் வகுத்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் கட்டுப்படுத்துகிறது. உயரம் வேண்டுமென்றால் வளைவு கூடிய பட்டையைப் போட்டு, ஷேக்கிளைப் பழைய நீளத்திலேயே விடுவது நல்லது.

2010-ல் வந்த மகிந்திரா தாரின் பின்பக்கம் கமான் பட்டை இருந்தது. 2020-ல் வந்த புதிய தாரில் அதன் இடத்தைச் சுருள் ஸ்பிரிங் பிடித்தது. ஆனால் பாரம் சுமக்கும் பிக்கப்புகளும் லாரிகளும் இன்னும் கமான் பட்டையை விடவில்லை.