மழை விதியும் டக்வர்த் லூயிஸ் கணக்கும்

மழை வந்தால் யாருக்கும் புரியாத கணக்கைப் போட்டுக் கிரிக்கெட்டில் முடிவு சொல்லிவிடுகிறார்கள் என்ற குறை இன்றும் என் காதில் விழுகிறது. அடிப்படை அவ்வளவு கடினமல்ல என்பது என் எண்ணம். கழித்தலும் பெருக்கலும் தெரிந்தால் போதும்.

முதலில் பழைய விதி. 1992 மார்ச் 22, சிட்னியில் உலகக் கோப்பை அரையிறுதி. இங்கிலாந்து 45 ஓவரில் எடுத்தது 252. தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்தில் 22 ஓட்டங்கள் தேவை என்ற நிலையில் மழை பெய்து, இரண்டு ஓவர்கள் குறைந்தன. அன்றைய விதிப்படி, முதலில் ஆடிய அணி மிகக் குறைவாக ஓட்டம் எடுத்த ஓவர்களே கணக்கிலிருந்து நீக்கப்படும். நீக்கிய இரண்டு ஓவர்களில் இங்கிலாந்து எடுத்திருந்தது ஒரே ஓட்டம். ஆகவே ஒரு பந்தில் 21! நன்றாகப் பந்து வீசியதே தென்னாப்பிரிக்காவுக்கு வினையாயிற்று.

இங்கிலாந்தின் புள்ளியியலாளர்கள் பிராங்க் டக்வர்த்தும் டோனி லூயிஸும் வேறு விதமாக யோசித்தார்கள். ஓர் அணியின் கையிருப்பு ஓவர்கள் மட்டுமல்ல, விக்கெட்டுகளும்தான். முந்தைய ஆட்டங்களின் எண்களை ஆராய்ந்து, இத்தனை ஓவரும் இத்தனை விக்கெட்டும் மீதியிருந்தால் கையிருப்பு இத்தனை சதவீதம் என்று அட்டவணை அமைத்தார்கள். 50 ஓவரும் 10 விக்கெட்டும் இருந்தால் 100. 1997 ஜனவரி 1 அன்று, ஹராரேயில் ஜிம்பாப்வேயும் இங்கிலாந்தும் மோதிய ஆட்டத்தில் இம்முறை முதன்முதலில் பயன்பட்டது.

ஓர் உதாரணம். முதல் அணி 50 ஓவரில் 250. இரண்டாம் அணி 30 ஓவர் ஆடியதும் மழையால் ஆட்டம் முடிகிறது. வெறும் ஓட்ட விகிதப்படி பார்த்தால் 150 எடுத்திருந்தால் சமம். ஆனால் 2 விக்கெட் இழந்த அணியும் 7 விக்கெட் இழந்த அணியும் ஒன்றா?

கையால் கணக்கிடும் பழைய அட்டவணைப்படி, 20 ஓவர் மீதியிருக்க 2 விக்கெட் போயிருந்தால் எஞ்சிய கையிருப்பு 52.4 சதவீதம். செலவானது 47.6. 250இல் அது 119. எனவே 120 எடுத்திருந்தால் வெற்றி. 7 விக்கெட் போயிருந்தால் எஞ்சியது 21.2, செலவானது 78.8. வெற்றிக்கு 198 வேண்டும்.

2014இலிருந்து ஸ்டீவன் ஸ்டெர்ன் இம்முறையைத் திருத்திவருகிறார். அவர் பெயரும் சேர்ந்துகொண்டது. சர்வதேச ஆட்டங்களில் கணினியே கணக்கிடுகிறது. அடிப்படை மாறவில்லை.

கணக்கு சரியாயிருந்தாலும் அதைப் படிக்கத் தெரிய வேண்டும். 2003 உலகக் கோப்பையில், டர்பனில் இலங்கைக்கு எதிராக 45 ஓவர் முடிவில் 229 போதும் என்று தென்னாப்பிரிக்கா நினைத்தது. 229 வந்ததும், முரளிதரனின் அடுத்த பந்தை பௌச்சர் தடுத்து நிறுத்தினார். மழை ஆட்டத்தை முடித்தது. 229 என்பது சமன் செய்வதற்கான எண். வெற்றிக்கு 230 வேண்டும். சொந்த மண்ணில் முதல் சுற்றோடு வெளியேறினார்கள். 1992இல் தவறு விதியில் இருந்தது. 2003இல் விதியில் இல்லை.