குவிமாடத்தின் உருவம் யாருடையது?

மும்பை அப்பல்லோ பந்தரில் தாஜ்மகால் பேலஸ் ஓட்டல் 1903 டிசம்பரில் திறக்கப்பட்டது. எதிரே நிற்கும் கேட்வே ஆஃப் இந்தியா திறப்புவிழாக் கண்டது 1924இல்தான், ஓட்டலே மூத்தது. அதன் செந்நிறக் குவிமாடத்தைப் படமெடுக்க எவரும் எவரிடமும் இசைவு கேட்டதில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் கட்டடங்களைப் படமெடுத்து வெளியிடுவது உரிமை மீறல் ஆகாது என்றே வகுத்தது.

2017இல் ஓட்டல் நிறுவனம் வேறு வழியில் சென்றது. 1999ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்தின்கீழ்க் கட்டடத்தின் தோற்றத்தையே பதிவு செய்துகொண்டது. இந்தியாவில் ஒரு கட்டடம் இவ்வாறு பதிவானது அதுவே முதன்முறை. பதிப்புரிமை ஒருநாள் காலாவதியாகும். வணிகக்குறியையோ பத்தாண்டுக்கு ஒருமுறை கட்டணம் செலுத்திப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். இங்கேதான் சிக்கல்.

சுற்றுலாப் பயணியின் செல்ஃபிக்குத் தடையில்லை. செய்திப் படத்துக்கும் இல்லை. சட்டம் தடுப்பது வணிகக்குறியாகப் பயன்படுத்துவதை மட்டுமே. ஆனால் விளம்பரத்துக்குப் படம் விற்கும் களஞ்சியங்கள் வழக்குக்கு அஞ்சுபவை. அடையாளம் தெரியும் இத்தகைய கட்டடமெனில் உரிமையாளர் கையொப்பமிட்ட இசைவுக் கடிதம் கேட்கின்றன. சட்டம் கேட்காததை அச்சம் கேட்கிறது. கடலிலிருந்து எடுக்கும் படத்திலோ கேட்வேயும் ஓட்டலும் சேர்ந்தே விழுகின்றன.