விசாரிக்கிறவரே குற்றம் சாட்டினால்: 1984, 2013, 2015

தோட்டத்தில் ஒருத்தரை வேலை நிப்பாட்டினால் அதற்குப் பிறகு நடக்கிற 'உள்ளக விசாரணை' பற்றி ஹட்டன் பக்கம் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. குற்றச்சாட்டுக் கடிதம் நிர்வாகத்திடமிருந்து வரும். விசாரிக்கிறவரையும் நிர்வாகம்தான் நியமிக்கும். கடைசியில் கையெழுத்து வைப்பதும் நிர்வாகம்தான். இதைப் பற்றிக் குறை சொன்னால், "அதான் விசாரணை வச்சாங்களே, அப்புறம் என்ன?" என்று கேட்பார்கள்.

விசாரணை வைப்பதும் நியாயமாக விசாரிப்பதும் ஒன்றா? இந்தக் கேள்வி நம் தோட்டங்களோடு நின்றுவிடவில்லை. இந்த நாட்டின் பிரதம நீதியரசர்களும் இதில் மாட்டியிருக்கிறார்கள்.

முதலில் சட்டத்தரணிகளைப் பார்ப்போம். இலங்கையில் ஒருவரைச் சட்டத்தரணியாகச் சேர்த்துக்கொள்வதும், தொழிலிலிருந்து நீக்குவதும் உயர் நீதிமன்றத்தின் அதிகாரம். நீக்குவதைப் பற்றி 1978 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 42 ஆம் பிரிவு சொல்கிறது. வஞ்சகம், தொழில் முறைகேடு, குற்றம் போன்றவற்றுக்காக ஒருவரை இடைநிறுத்தலாம் அல்லது பெயரை வெட்டலாம். ஆனால் அதற்கு முன் குற்றச்சாட்டின் பிரதி அவர் கையில் போய்ச் சேர வேண்டும். "ஏன் உங்களை நீக்கக்கூடாது?" என்பதற்குப் பதில் சொல்ல நியாயமான அவகாசம் தர வேண்டும். பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. என்ன குற்றம் என்று சொல், பதிலைக் கேள், பிறகு தீர்மானி. இதோடு இன்னொரு பழைய விதியும் சேரும்: தன் சொந்த வழக்குக்கு ஒருவர் தானே நீதிபதியாக இருக்கக்கூடாது.

இந்த இரண்டாவது விதியைப் பாராளுமன்றம் மீறியபோது அதை எழுத்தில் கண்டித்தவர் எஸ். நடேசன். 1978 இல் 'ஒப்சேர்வர்' பத்திரிகையில் ஒரு படத்துக்குத் தவறான விளக்கம் அச்சானது. சிறப்புரிமை மீறல் என்று சொல்லி, அதன் ஆசிரியர்களைப் பாராளுமன்றமே விசாரித்து, பாராளுமன்றமே அபராதமும் போட்டது. பாதிக்கப்பட்டதாகச் சொல்கிறவரும் தீர்ப்புச் சொல்கிறவரும் ஒருவரே. மூத்த சட்டத்தரணியான நடேசன் இதை விமர்சித்துக் கட்டுரைகள் எழுதினார். அதற்காகச் சட்டமா அதிபர் அவர் மீதும் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 1980 இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. கவனிக்க வேண்டியது, அவர் நின்றது பாராளுமன்றத்தின் முன்னால் இல்லை, வெளியே இருந்த ஒரு நீதிமன்றத்தின் முன்னால்.

நான்கு வருஷம் கழித்து அதே நடேசன் வேறொருவருக்காகப் பாராளுமன்றத் தெரிவுக்குழுவின் முன் வாதாடப் போனார். அந்த வேறொருவர் பிரதம நீதியரசர் நெவில் சமரக்கோன். 1977 இல் ஜே. ஆர். ஜயவர்தன நேரடியாகச் சட்டத்தரணித் தொழிலிலிருந்து கொண்டுவந்து நியமித்தவர். 1984 மார்ச்சில் நுகேகொடையில் ஒரு பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் அரசாங்கத்தை விமர்சித்துப் பேசினார். அரசுக்குப் பொறுக்கவில்லை.

நீதியரசரை நீக்குவதற்கு அரசியலமைப்பின் 107 ஆவது உறுப்புரை வழி சொல்கிறது. குற்றம் 'நிரூபிக்கப்பட்ட' தவறான நடத்தையாக இருக்க வேண்டும். எப்படி நிரூபிப்பது என்பதைப் பாராளுமன்றம் சட்டத்தாலோ நிலையியற் கட்டளையாலோ வகுக்க வேண்டும். 1984 வரை அப்படி எதுவும் வகுக்கப்படவில்லை. அந்தப் பேச்சுக்குப் பிறகு, ஏப்ரலில், அவசரமாக 78அ என்ற நிலையியற் கட்டளையைச் சேர்த்தார்கள். விசாரிக்கப்போவது உறுப்பினர்களால் ஆன தெரிவுக்குழு. அதாவது, விளையாட்டு தொடங்கின பிறகு விதி எழுதினார்கள். குழுவிலிருந்த எதிர்க்கட்சி உறுப்பினர்களே இந்த முறை அரசியலமைப்புக்குப் பொருந்துமா என்று சந்தேகம் எழுப்பினார்கள். கடைசியில் 'நிரூபிக்கப்பட்ட தவறான நடத்தை' இல்லை என்று குழு சொன்னது. சமரக்கோனும் அந்த ஒக்டோபரில் வயது வந்து ஓய்வு பெற்றார். பிரச்சினை முடிந்தது என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். 78அ மட்டும் அப்படியே இருந்தது.

28 வருஷம் கழித்து அதைத் தூசி தட்டி எடுத்தார்கள். 2012 நவம்பரில் 117 உறுப்பினர்கள் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிராக 14 குற்றச்சாட்டுகளோடு குற்றப்பிரேரணையில் கையெழுத்திட்டார்கள். திவிநெகும சட்டமூலத்துக்கு மாகாண சபைகளின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லி அதிக நாள் ஆகவில்லை. தெரிவுக்குழுவில் 11 பேர்: 7 பேர் ஆளும் தரப்பு, 4 பேர் எதிர்த்தரப்பு. டிசம்பர் 6 ஆம் திகதி சுமார் ஆயிரம் பக்க ஆவணங்களைக் கொடுத்து அடுத்த நாளே பதிலோடு வரச் சொன்னதாக அவருடைய சட்டத்தரணிகள் சொன்னார்கள். நியாயம் கிடைக்காது என்று அவர் வெளியேறினார். மறுநாள் எதிர்க்கட்சி உறுப்பினர்களும் வெளியேறினார்கள். அதற்குப் பிறகுதான் சாட்சிகளைக் கூப்பிட்டார்கள், 16 பேர். குறுக்கு விசாரணை செய்ய எதிரே யாரும் இல்லை. டிசம்பர் 8 ஆம் திகதி அறிக்கை தயார். மூன்று குற்றச்சாட்டுகள் நிரூபணம்.

2013 ஜனவரி முதல் வாரத்தில் உயர் நீதிமன்றம், இப்படியான விசாரணை அதிகாரத்தை நிலையியற் கட்டளையால் கொடுக்க முடியாது, சட்டத்தால்தான் கொடுக்க முடியும் என்றது. 7 ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம் அறிக்கையையே செல்லாததாக்கியது. பாராளுமன்றம் கண்டுகொள்ளவில்லை. 11 ஆம் திகதி 155க்கு 49 என்ற வாக்குகளால் பிரேரணை நிறைவேறியது. 13 ஆம் திகதி ஜனாதிபதி அவரை நீக்கினார். இரண்டு நாளில் மொஹான் பீரிஸ் பதவியேற்றார். ஒரு வருஷம் கழித்து, 2014 பெப்ரவரியில், உயர் நீதிமன்றமே அந்த மேன்முறையீட்டுத் தீர்ப்பைத் தலைகீழாக்கியது.

இவ்வளவு சொன்னதால் பண்டாரநாயக்கவை வீராங்கனையாக்கத் தேவையில்லை. 2010 இல் 18 ஆவது திருத்தத்தை அவசரச் சட்டமூலமாகக் கேட்டு, சர்வஜன வாக்கெடுப்பு தேவையில்லை என்று தீர்மானித்த அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். அவர் மீதான குற்றச்சாட்டுகளில் உண்மை இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். பிரச்சினையே அதுதான். ஒழுங்காக விசாரிக்காததால் அது இன்றைக்கும் நமக்குத் தெரியாது. முறையில்லாத விசாரணை குற்றமற்றவரை மட்டும் பாதிப்பதில்லை. குற்றம் செய்தவரும் "எனக்கு நியாயம் கிடைக்கல" என்று உண்மையாகவே சொல்லிக்கொண்டு போக வழி செய்துவிடுகிறது.

2015 ஜனவரியில் ஆட்சி மாறியது. இங்கேதான் நமக்கு உண்மையான சோதனை. பண்டாரநாயக்கவை நீக்கியதே செல்லாது, ஆகவே மொஹான் பீரிஸின் நியமனமும் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அறிவித்தார். குற்றப்பிரேரணை இல்லை, விசாரணை இல்லை. இருந்தவர் போய்விட்டார். பண்டாரநாயக்க 28 ஆம் திகதி திரும்பி வந்து 29 ஆம் திகதி ஓய்வு பெற்றார். அடுத்து க. ஸ்ரீபவன் பிரதம நீதியரசரானார். ஒரு தமிழர் அந்தக் கதிரையில் உட்கார்ந்தது நமக்குச் சந்தோஷம்தான். ஆனால் 2013 இல் "கேட்காமல் நீக்காதே" என்று கத்தினவர்கள் 2015 இல் எத்தனை பேர் அதையே சொன்னார்கள்? பிடிக்காதவருக்கும் அந்த வாய்ப்பு கிடைக்க வேண்டும் என்று சொல்லாவிட்டால் நாம் பேசுவது நீதி இல்லை, கட்சி.

செய்ய முடியாத விஷயமும் இல்லை இது. 2002 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டப்படி சட்டமா அதிபரையோ பொலிஸ் மாஅதிபரையோ நீக்க வேண்டுமானால், உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவர் தலைமையிலான குழு விசாரிக்க வேண்டும். 2025 இல் பொலிஸ் மாஅதிபர் தேசபந்து தென்னகோன் நீக்கப்பட்டது அப்படித்தான். முதலில் குழு விசாரித்தது, பிறகு பாராளுமன்றம் வாக்களித்தது. ஒரு பொலிஸ் அதிகாரிக்கு இருக்கிற பாதுகாப்பு 1984 இலும் 2012 இலும் நாட்டின் தலைமை நீதியரசருக்கு இருக்கவில்லை.

நம்ம தோட்டத் தொழிலாளிக்கும்கூட, 1957 திருத்தத்துக்குப் பிறகு, உள்ளக விசாரணையில் தோற்றால் வெளியே தொழில் நியாய சபைக்குப் போக ஒரு கதவு இருக்கிறது. அதற்கு வருஷக்கணக்கில் அலைய வேண்டும், சட்டத்தரணிக்குக் காசு வேண்டும், நாட் சம்பளத்தை விட்டுவிட்டு பஸ் ஏற வேண்டும் என்பது வேறு கதை. ஆனாலும் குற்றம் சாட்டினவர் அல்லாத இன்னொருவர் கேட்பார் என்ற அந்த ஒரு கதவுதான் 'விசாரணை வச்சாங்க' என்பதற்கும் 'விசாரிச்சாங்க' என்பதற்கும் இடையிலிருக்கிற வித்தியாசம். அடுத்த முறை சட்டத்தரணியோ, நீதிபதியோ, ஆசிரியரோ, தொழிலாளியோ யாரைப் பற்றியும் "அதான் விசாரணை நடந்ததே" என்று செய்தி வந்தால் முதலில் மூன்று விஷயத்தைக் கேட்போம்: விதி எப்போது எழுதப்பட்டது? பதில் சொல்ல எத்தனை நாள் கொடுத்தார்கள்? தீர்ப்புச் சொன்னவர் யாருடைய ஆள்?