குடிநோய் மீட்புச் சிகிச்சை

மதுவை விட நினைத்தும் விட முடியாதவரின் உடலையும் மனத்தையும் குடும்ப உறவையும் சேர்த்துச் சீராக்குவது குடிநோய் மீட்புச் சிகிச்சை. இந்தியாவில் இச்சிகிச்சையை நாடுவோரில் பெரும்பாலோர் ஆண்கள். 2019இல் வெளியான மத்திய அரசின் ஆய்வின்படி, ஆண்களில் 27.3 விழுக்காட்டினரும் பெண்களில் 1.6 விழுக்காட்டினரும் மது அருந்துகின்றனர்.

நெடுங்காலம் குடி ஒழுக்கக்கேடாகவே பார்க்கப்பட்டது. அதற்கு மருந்தாகச் சட்டமே முன்வைக்கப்பட்டது. 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கடைகள் மூடப்பட்டன. ஆனால் ஏற்கெனவே மதுவுக்கு அடிமையாகிவிட்டவருக்குச் சட்டத்தால் சிகிச்சை அளிக்க முடியாது.

சேலத்தில் மதுவிலக்கு வருவதற்கு ஈராண்டுகள் முன்பு, அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் பங்குத் தரகர் பில் வில்சனும் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தும் சந்தித்தனர். இருவரும் குடிநோயாளிகள். குடியிலிருந்து மீள விரும்பும் இருவர் மனம்விட்டுப் பேசிக்கொள்வதே பிடிமானமாகும் என்று கண்டனர். அப்படிப் பிறந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். அதன் கூட்டங்களில் இன்றும் கட்டணம் இல்லை. 1948இல் டென்மார்க் ஆய்வாளர்கள் டைசல்பிராம் மாத்திரையின் பயனை வெளியிட்டனர். அதை உட்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, குமட்டலும் படபடப்பும் வரும். நோயாளிக்குத் தெரியாமல் இதை உணவில் கலப்பது உயிருக்கே ஆபத்து. 1956இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் குடிநோயை மருத்துவச் சிகிச்சைக்குரியதாக ஏற்றது.

தமிழ்நாட்டில் திருப்பம் ஒரு குடும்பத்தின் துயரத்திலிருந்து வந்தது. குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், அமெரிக்காவின் ஹேசல்டன் மீட்பு மையத்தில் பயிற்சி பெற்று, 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். நோயாளியோடு குடும்பத்தாருக்கும் ஆலோசனை வழங்கியது இதன் சிறப்பு. நகரத்துக்கு வர இயலாத கூலித் தொழிலாளர்களுக்காக 1989இல் மஞ்சக்குடி கிராமத்திலேயே முகாம் நடத்தப்பட்டது. இம்முயற்சிகளில் மிக மதிக்கத்தக்கது இதுவே.

சிகிச்சை நச்சுநீக்கத்தில் தொடங்கும். பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், தூக்கமின்மை, வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பமும் இல்லாதது தெரிவதும் சேர்ந்தால் உயிருக்கு ஆபத்து. ஆகவே இக்கட்டத்துக்கு மருத்துவக் கண்காணிப்பு தேவை. அமைதியூட்டும் மாத்திரைகளும் தையமின் என்னும் வைட்டமின் ஊசியும் அப்போது தரப்படும். அதன்பின் தனி ஆலோசனை, குழுச் சிகிச்சை, நால்ட்ரெக்சோன் போன்ற ஏக்கம் குறைக்கும் மருந்துகள், மாதக்கணக்கில் தொடர் கவனிப்பு ஆகியவை தொடரும். மீண்டும் குடித்துவிடுவது இந்நோயின் இயல்பு. அதைத் தோல்வியாகக் கருதிச் சிகிச்சையைக் கைவிடக் கூடாது.

வீட்டார் அழைத்துவந்தவரைப் பூட்டிவைத்து அடிக்கும் இடங்களும் மீட்பு மையம் என்ற பெயரில் நடந்துள்ளன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைநோயையும் உள்ளடக்கியது. நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை அது தடைசெய்கிறது. மையத்தில் சேர்க்குமுன் அது அரசிடம் பதிவு பெற்றதா என்று குடும்பத்தார் கேட்டறிய வேண்டும்.

அதே 2019 ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் சிகிச்சை கிடைத்துள்ளது. மத்திய அரசின் கட்டணமில்லா போதைமீட்பு உதவி எண் 14446.