ஏலச்செடி இல்லாத ஏலக்காய் ஊர்



ஊருக்குள் ஒரு ஏலச்செடிகூட இல்லாத போடிக்கு ஏலக்காய் ஊர் என்று எப்படிப் பேர் வந்தது என்று பேரன் கேட்டான். வழிதானப்பா காரணம் என்றேன்.

மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் தொங்கிக் குரங்கணிப் பக்கம் இறங்கி, போடிக்கு வந்த காலம் உண்டு. 1928-ல் மதுரை ரயிலும் வந்தது. மலைச்சரக்குக்குப் போடியே வாசல் ஆனது. (அந்த ரயில் அகலப்பாதைக்காக நின்று, 2023 ஜூனில்தான் திரும்பி வந்தது. பன்னிரண்டு வருஷம்!)

1956-ல் மாநிலம் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவுக்குப் போயின. தோட்டம் அந்தப் பக்கம். வியாபாரமும் வேலையாட்களும் இந்தப் பக்கம். இன்றும் ஸ்பைசஸ் போர்டு ஏலம் போடியிலும் நடக்கிறது, அங்கே புற்றடியிலும் நடக்கிறது.

பொட்டிபுரத்தில் பாடம் எடுத்தபோது, காலையில் முதல் வகுப்பிலேயே தூங்கும் பிள்ளைகளை அதட்டியிருக்கிறேன். விடியுமுன்னே சோறு பொங்கி வைத்துவிட்டு, காய் எடுக்க ஜீப் ஏறிய அம்மாக்களின் பிள்ளைகள் அவர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. தம்பி, தங்கைகளைக் கிளப்பிக் கூட்டிவந்ததும் அவர்களே.

உங்களில் சிலர் இதைப் படிப்பீர்கள். அம்மா நலமா? இன்னும் மலைக்குப் போகிறார்களா? ஒரு வரி எழுதுங்கள்.