இலாப நோக்கற்ற தற்காலிகப் பணியாளர் முகமைகள்

சிறை மீண்டோர், வீடற்றோர், அரசு உதவித்தொகையில் காலம் தள்ளியோர், மாற்றுத்திறனாளிகள், நெடுநாள் வேலையின்றி இருந்தோர் போன்றவர்களைத் தம் பணியாளர்களாகவே பதிவு செய்து, சம்பளம் கொடுத்து, பிற நிறுவனங்களுக்குக் குறுகிய கால வேலைக்கு அனுப்பும் தொண்டமைப்புகள். அமெரிக்காவில் இவற்றை 'மாற்றுப் பணியாளர் அமைப்புகள்' என்கிறார்கள். பிரான்ஸ், நெதர்லாந்து, ஜெர்மனி ஆகிய நாடுகளிலும் இவ்வகை முகமைகள் உண்டு. அங்கு அவை அரசின் வேலைவாய்ப்புக் கொள்கையோடு நெருங்கிப் பிணைந்தவை.

வேலை தேடித் தரும் மற்ற தொண்டமைப்புகள் விண்ணப்பம் எழுதப் பழக்கி, நேர்காணலுக்கு அனுப்பி வைத்து, முடிவை முதலாளியிடம் விட்டுவிடும். இந்த முகமைகள் அங்கே நிற்பதில்லை. சட்டத்தின் கண்ணில் முதலாளி முகமைதான்: சம்பளப் பட்டியல், வரிப்பிடித்தம், காப்பீடு எல்லாம் அதன் பொறுப்பு. ஆளை வாங்கிக்கொள்ளும் நிறுவனம் மணிக்கணக்கில் பில்லுக்குப் பணம் கட்டும், பிடிக்காவிட்டால் மறுநாளே வேண்டாம் என்றுவிடும். குற்றப் பதிவு உள்ள ஒருவரை நேரடியாக எடுக்கத் துணியாத மேலாளர், இரண்டு வாரம் பார்க்கலாம் என்றால் ஒப்புக்கொள்வார் என்பதே இந்த முறையின் அடிப்படைக் கணிப்பு. உழைப்பாளிக்கும் முதலாளிக்கும் நடுவில் நின்று பங்கு எடுக்கும் தரகரை விரட்டுவதற்குப் பதிலாக, தானே அந்த இடத்தில் நின்று பார்ப்பது என்றும் சொல்லலாம். இந்த முகமைகளின் வலிமையும் சிக்கலும் அந்த இடத்திலிருந்தே வருகின்றன.

பின்னணி

தற்காலிகப் பணியாளர் தொழில் அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் வேரூன்றியது. 1946இல் டெட்ராய்ட்டில் வில்லியம் ரஸ்ஸல் கெல்லி தொடங்கிய நிறுவனமும், 1948இல் மில்வாக்கியில் எல்மர் வின்டர், ஏரன் ஷைன்ஃபெல்ட் என்னும் இரு வழக்கறிஞர்கள் தொடங்கிய 'மேன்பவர்' நிறுவனமும் இத்துறையின் முன்னோடிகள். தட்டச்சரையும் எழுத்தரையும் அனுப்பிய தொழில், பின்னர் கிடங்குக்கும் தொழிற்சாலைக்கும் பரவியது. 1970களிலிருந்து பல மாநில நீதிமன்றங்கள் முறையற்ற பணிநீக்க வழக்குகளை ஏற்கத் தொடங்கின. வழக்குக்கு அஞ்சி நேரடியாக எடுக்கத் தயங்கிய முதலாளிகள் ஆள் எடுப்பதை வெளியே ஒப்படைத்தார்கள். 1973க்கும் 1995க்கும் இடையே இத்தொழில் கண்ட வளர்ச்சியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு இந்தத் தீர்ப்புகளே காரணம் எனப் பொருளாதார அறிஞர் டேவிட் ஆட்டர் மதிப்பிட்டார்.

இத்தொழிலின் அடித்தட்டில் இருந்தவை நாட்கூலிக் கூடங்கள். விடியுமுன் வந்து பெஞ்சில் உட்கார வேண்டும். வேலை வந்தால் வேன் வரும். வேன் கட்டணம், கையுறைக் கட்டணம், காசோலையைப் பணமாக்கும் கட்டணம் எனப் பிடித்ததுபோக மிஞ்சுவதுதான் கூலி. சிகாகோவின் மேற்குப் பகுதியில் 1970களில் உருவாகி, 'சபர்பன் ஜாப்-லிங்க்' என்று பெயர் பெற்ற தொண்டமைப்பு இந்தக் கூடங்களுக்கு மாற்றாக எழுந்ததுதான். வேலைகள் புறநகருக்கு இடம்பெயர்ந்துவிட, கார் இல்லாத கறுப்பினத் தொழிலாளர்கள் நகருக்குள் முடங்கியதே வறுமைக்கு வேர் என்று அது கண்டது. அதனால் தொழிற்சாலைகளுக்குப் பேருந்துகளையும் ஓட்டியது. ஆள் அனுப்பும் நிறுவனம் பேருந்து நிறுவனமாகவும் ஆனது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அமெரிக்க நகரங்களில் ஷிப்ட் தொடங்கும் நேரத்துக்குப் பேருந்து இல்லாமை வேலையிழப்புக்குப் போதுமான காரணம்.

லாஸ் ஏஞ்சலஸில் வீடற்றோர் குவிந்து வாழும் ஸ்கிட் ரோ பகுதியில் 1984இல் உணவும் உடையும் வழங்கத் தொடங்கிய 'கிறிசாலிஸ்', விரைவில் வேலைவாய்ப்புக்குத் திரும்பித் தனக்கென ஒரு பணியாளர் முகமையை அமைத்துக்கொண்டது. புரூக்ளினில் 'ஃபிஃப்த் அவென்யூ கமிட்டி' என்ற வட்டார அமைப்பின் முயற்சியால் 1990களின் இறுதியில் 'ஃபர்ஸ்ட் சோர்ஸ் ஸ்டாஃபிங்' எழுந்தது. 1902இல் பாஸ்டனில் மெதடிஸ்ட் போதகர் எட்கர் ஹெல்ம்ஸ் நிறுவிய 'குட்வில்', பழைய பொருள் கடைகளுக்குப் பெயர் பெற்றது; அதன் பல கிளைகள் இன்று பணியாளர் முகமைகளையும் நடத்துகின்றன. 1996ஆம் ஆண்டின் நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம் உதவித்தொகைக்குக் கால வரம்பு விதித்து, பெறுவோரை வேலைக்குத் தள்ளியது. அந்த நெருக்கடியில் பல நகரங்களில் இத்தகைய முகமைகள் முளைத்தன. மிச்சிகனின் மாட் அறக்கட்டளை 2003 முதல் சில முகமைகளுக்கு நிதி அளித்து ஆய்வுக்கும் உட்படுத்தியது. ஐ.சி.ஏ. குரூப் என்ற அமைப்பு நடத்தும் மாற்றுப் பணியாளர் கூட்டமைப்பு இவற்றின் பொதுமேடை.

வேலை நடக்கும் விதம்

முகமைக்குள் இரு வகைப் பணியாளர்கள் உண்டு. ஒருவர் நிறுவனங்களிடம் ஆர்டர் பிடிப்பவர்: எத்தனை பேர், எந்த ஷிப்ட், என்ன கூலி. மற்றவர் வேலை தேடி வருபவரின் பக்கம் நிற்பவர்: அடையாள அட்டை இருக்கிறதா, குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள், பரோல் அதிகாரியைச் சந்திக்கும் நாள் ஷிப்டோடு மோதுகிறதா, காலணி வாங்கப் பணம் உண்டா. முதலாமவருக்கு நாளைக் காலை ஆறு மணிக்கு எட்டுப் பேர் வேண்டும். இரண்டாமவருக்கு அந்த எட்டில் மூவர் இன்னும் தயாராகவில்லை என்பது தெரியும். இந்த இழுபறி நிர்வாகக் கோளாறு அன்று, முகமையின் இயல்பே அதுதான். ஆர்டர்காரர் எப்போதும் வென்றால் அது இன்னொரு வணிக முகமை. மற்றவர் எப்போதும் வென்றால் வாடிக்கையாளர்கள் போய்விடுவார்கள், பிறகு அனுப்புவதற்கு இடம் இராது. எட்டில் சிலர் பின்தங்கியவர்களாகவும், சிலர் எந்தத் தடையும் இல்லாத சாதாரண விண்ணப்பதாரர்களாகவும் கலந்து அனுப்பும் முகமைகளும் உண்டு. நல்ல பெயர் கெடாமல் வாசல் திறந்தே இருக்க இது ஒரு வழி.

வணிக முகமையிலிருந்து இவை பிரியும் இடங்களில் முக்கியமானது, நிரந்தரமாக்கும் கட்டணம். அனுப்பிய ஆளை வாடிக்கையாளர் தன் ஊழியராக எடுத்துக்கொண்டால் வணிக முகமைகள் பெரும்பாலும் கட்டணம் கேட்கும்; நல்ல ஆள் கைவிட்டுப் போவது அவற்றுக்கு வருமான இழப்பு. தொண்டு முகமைக்கோ அதுவே குறிக்கோள், ஆகவே பல முகமைகள் கட்டணத்தைக் குறைக்கின்றன அல்லது விட்டுவிடுகின்றன. அதாவது மிகச் சிறப்பாகச் செயல்படும் மாதத்தில் தன் சிறந்த ஆட்களை இழந்து, வருமானமும் இறங்கி நிற்கும் தொழில் இது.

பணக்கணக்கு

கூலியின் மேல் ஒரு விழுக்காடு கூட்டிப் பில் போடுவது வழக்கம். கணக்கை விளக்க ஓர் எடுத்துக்காட்டு: மணிக்கு 16 டாலர் கூலி, அதன்மேல் 40 விழுக்காடு என்றால் பில் 22.40 டாலர். இடைவெளி 6.40. அதில் முதலாளி பங்காகச் செலுத்தும் சமூகப் பாதுகாப்பு, முதியோர் மருத்துவக் காப்பீட்டு வரிகள் 7.65 விழுக்காடு, அதாவது 1.22 டாலர். வேலையின்மைக் காப்பீடும் விபத்து இழப்பீட்டுக் காப்பீடும் சேர்ந்து கூலியில் 10 விழுக்காடு என்று கொண்டால் இன்னொரு 1.60. மீதி 3.58 டாலரில் அலுவலக வாடகை, ஆர்டர் பிடிப்பவர் சம்பளம், ஆலோசகர் சம்பளம், வேன், காலணி எல்லாம் அடங்க வேண்டும். விபத்துக் காப்பீட்டின் வீதம் வேலைக்கு வேலை பெரிதும் வேறுபடும்: எழுத்தர் வேலைக்கு மிகச் சிறிது, பாரம் தூக்கும் வேலைக்குப் பல மடங்கு. பள்ளிப் படிப்பு முடிக்காதவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் பாரம் தூக்கும் வேலைதான். ஒரே ஆண்டில் இரண்டு முதுகு முறிவு வழக்குகள் வந்தால் மறு ஆண்டின் பிரீமியம் முகமையையே முறித்துவிடும்.

அதைவிடக் கொடியது கைப்பணத் தட்டுப்பாடு. உழைத்தவருக்கு வாரம்தோறும், சில இடங்களில் அன்றாடமும், சம்பளம் தர வேண்டும். வாடிக்கையாளரோ 30 அல்லது 45 நாள் கழித்தே பில்லைத் தீர்ப்பார். நூறு பேர் வாரம் 30 மணி நேரம் மேற்சொன்ன கூலிக்கு வேலை செய்தால் வாரக் கூலி 48,000 டாலர்; ஆறு வாரத்துக்கு 2,88,000 டாலர் வெளியே நிற்கும். வணிகம் பெருகப் பெருக இந்தத் தொகையும் பெருகும் என்பதால், நன்றாக நடக்கும் முகமைதான் முதலில் மூச்சுத் திணறும். வங்கிக் கடன் வரம்பு இல்லாதவை, நிலுவைப் பில்களைத் தள்ளுபடி விலைக்கு விற்றுப் பணம் திரட்டுகின்றன. இதற்கு ஈடுகொடுக்கத் தாய் அமைப்பின் கஜானா அல்லது அறக்கட்டளைக் கடன் தேவைப்படுகிறது. பில் வருமானம் அன்றாடச் செலவை ஏற்றாலும், ஆலோசகர், பயிற்சி, போக்குவரத்து ஆகியவற்றுக்கு நன்கொடையோ அரசு மானியமோ வேண்டியிருப்பது பொது அனுபவம். தன் காலில் நிற்கும் தொண்டு என்று நன்கொடையாளர்களிடம் இதை விற்றவர்கள் கொஞ்சம் மிகையாகவே விற்றார்கள்.

அரசுச் சலுகைகளிலும் ஒரு முரண் உண்டு. 1996இல் சட்டமான வேலைவாய்ப்பு வரிச்சலுகை, குறிப்பிட்ட பிரிவினரை எடுத்த முதலாளிக்குப் பெரும்பாலும் முதல் 6,000 டாலர் சம்பளத்தில் 40 விழுக்காட்டை, அதாவது 2,400 டாலர் வரை வரியில் கழித்துக்கொள்ள வழிவைத்தது. தொண்டமைப்பு வருமான வரியே கட்டுவதில்லை. ஆகவே முன்னாள் படைவீரர்களை எடுப்பது தவிர மற்றவற்றில் அதனால் இச்சலுகையைப் பயன்படுத்த முடியவில்லை. கடினமான ஆட்களை முதலில் ஏற்பவருக்கு ஒன்றுமில்லை, அதே வேலையை வணிக முகமை செய்தால் கிடைத்தது. 1966 முதல் நடக்கும் கூட்டாட்சி நம்பகப் பிணைத் திட்டம் இதைவிட எளியது: பணியாளர் திருடினால் ஈடுசெய்ய, முதல் ஆறு மாதத்துக்கு 5,000 டாலர் பிணை, முதலாளிக்குச் செலவின்றி. டெக்சஸ் போன்ற மாநிலங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தரும் தொண்டமைப்புகளிடமிருந்து அரசுத் துறைகள் முன்னுரிமையில் சேவை வாங்கும் சட்டம் உண்டு. ஆஸ்டின் குட்வில்லின் பணியாளர் முகமைக்கு அரசு அலுவலகங்களே பெரிய வாடிக்கையாளர்களாக அமைந்தது இதனால்தான்.

பலன் உண்டா

டேவிட் ஆட்டரும் சூசன் ஹவுஸ்மனும் டெட்ராய்ட்டின் நலத்திட்டப் பயனாளிகளைப் பற்றி 2010இல் வெளியிட்ட ஆய்வு இத்துறைக்குச் சங்கடமானது. பயனாளிகள் வேலை தேடித் தரும் எந்த ஒப்பந்ததாரரிடம் போவார்கள் என்பது சுழற்சி முறையில் அமைந்ததால் ஒப்பீடு நேர்மையாக இருந்தது. நேரடி வேலையில் அமர்த்தப்பட்டவர்களின் பிந்தைய வருமானம் உயர்ந்தது. தற்காலிக முகமை வழியே போனவர்களுக்கு அந்த உயர்வு இல்லை, இறங்கியிருக்கவும் கூடும். இதற்கு முன், ஆண்டர்சன், ஹோல்சர், லேன் ஆகியோர் 2005இல் வெளியிட்ட நூல், முகமை வழியே சென்ற குறைகூலித் தொழிலாளர் பின்னாளில் நல்ல கூலி தரும் நிறுவனங்களைச் சேர்ந்ததாகக் காட்டியிருந்தது.

டெட்ராய்ட் முடிவு பொது முகமைகளைப் பற்றியது, எங்களைப் பற்றியதன்று என்பது தொண்டு முகமைகளின் பதில். நியாயம் உண்டு, ஆனால் அரை நியாயம். மாட் அறக்கட்டளைத் திட்டத்தை மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் பாஸ்டன் வளாகத்தில் பிரான்சுவாஸ் காரே முதலானோர் ஆராய்ந்தனர். ஆலோசகர் ஆதரவு, வாடிக்கையாளரோடு நெருங்கிய உறவு ஆகியவை எப்படி உதவுகின்றன என்று அந்த ஆய்வு விரிவாகக் காட்டியது. ஒப்பீட்டுக் குழு வைத்த சோதனையாக அது அமையவில்லை. அண்டை முறை ஒன்றுக்குத்தான் அத்தகைய சோதனை நடந்தது. நியூயார்க்கின் 'சென்டர் ஃபார் எம்ப்ளாய்மென்ட் ஆப்பர்ச்சூனிட்டீஸ்' சிறை மீண்டோரைத் தன் குழுக்களில் சேர்த்து, அன்றாடக் கூலி தந்து வேலை வாங்குகிறது. அங்கே வேலைவாய்ப்பு உயர்வு சீக்கிரமே கரைந்தது. ஆனால் விடுதலையாகி மூன்று மாதத்துக்குள் வந்து சேர்ந்தவர்களிடையே மீண்டும் குற்றத்துக்குத் திரும்புவது குறைந்தது.

ஐரோப்பா

நெதர்லாந்தில் தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் அரசும் சேர்ந்து 1977இல் 'ஸ்டார்ட்' என்ற இலாப நோக்கற்ற முகமையை நிறுவினர். அதைப் பார்த்து ஜெர்மனியின் நார்த்ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலம் 1995இல் தன் 'ஸ்டார்ட்' முகமையைத் தொடங்கியது. 2003இல் ஹார்ட்ஸ் எனப்படும் வேலைச்சந்தைச் சீர்திருத்தத்தின்கீழ் ஒவ்வொரு வேலைவாய்ப்பு அலுவலகமும் இத்தகைய முகமை ஒன்றை ஏற்பாடு செய்ய வேண்டும் என்று ஜெர்மனி விதித்தபோது கதை மாறியது. ஒப்பந்தங்கள் ஏலத்தில் போயின. முகமை எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு ஆளுக்கும் மாதத் தொகை, அது காலப்போக்கில் குறையும், நிரந்தர வேலை கிடைத்தால் ஊக்கத்தொகை. ஆளை வெளியே அனுப்பாமலே தலைக்கணக்கில் பணம் வரும் ஏற்பாடு இது. மிகப் பெரிய ஒப்பந்ததாரரான டச்சு நிறுவனம் மாட்வெர்க்கின் ஜெர்மன் கிளை 2004 பிப்ரவரியில் திவாலாக, ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வேலையிழந்தனர்.

பிரான்ஸ் பொறுமையாகச் சட்டம் கட்டியது. 1987இல் வட்டாரச் சங்கங்கள் வீடுகளுக்கும் நிறுவனங்களுக்கும் ஆள் அனுப்ப அனுமதி பெற்றன. நிறுவனங்களுக்கு அனுப்பும்போது ஒருவருக்கு இரண்டாண்டில் 480 மணி நேரம் என்ற வரம்பு வந்தது. 1990களில் சமூக இணைப்புக்கான தற்காலிகப் பணியாளர் முகமை தனிச் சட்ட வடிவம் பெற்றது. அங்கே ஒருவர் பொதுவாக 24 மாதத்துக்குமேல் இருக்க முடியாது; ஆலோசகர் செலவுக்கு முழுநேரப் பணியிடக் கணக்கில் அரசு பணம் தருகிறது. அமெரிக்க முகமைகள் நன்கொடையாளரிடம் கையேந்திப் பெறுவதைப் பிரெஞ்சு முகமைகள் உரிமையாகப் பெறுகின்றன, பதிலுக்குக் கால வரம்பையும் ஏற்கின்றன.

தொழிலாளர் சட்டங்கள்

அமெரிக்காவில் தற்காலிகப் பணியாளர்களுக்கெனத் தனிக் கூட்டாட்சிச் சட்டம் இல்லை; மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் செயல்படுகின்றன. எந்த இடத்தில் வேலை, எவ்வளவு கூலி என்பதை எழுத்தில் தர வேண்டும் என்ற மாசசூசெட்ஸ் சட்டம் 2012இல் நிறைவேறியது. நியூ ஜெர்சி 2023இல் தற்காலிகத் தொழிலாளர் உரிமைச் சட்டம் இயற்றியது. இல்லினாய் அதே ஆண்டு தன் சட்டத்தைத் திருத்தி, 90 நாள் வேலை செய்த தற்காலிகப் பணியாளருக்கு நிரந்தர ஊழியருக்கு இணையான ஊதியம் என்றது. 2024இல் அதைப் பன்னிரண்டு மாதத்துக்குள் 720 மணி நேரம் என மாற்றியது. முழுநேர வேலையில் இது 18 வாரம். குறைகூலி காட்டி ஆர்டர் பிடிக்கும் முகமைகளோடு போட்டியிட முடியாமல் திணறிய தொண்டு முகமைகளுக்கு இது ஆறுதல். ஆனால் பதினேழாவது வாரத்தில் ஆளை மாற்றி அனுப்பச் சொல்லும் மேலாளரும் இதனால் உருவாகலாம். நிரந்தரமாக்கும் பேச்சை அதற்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை ஆர்டர் பிடிப்பவர் தலையில் விழுகிறது.